ஒரே ஒரு சென்ட் பாட்டில்தான் என்றால் எது? சோவாஜ், ப்ளூ டி ஷனெல், அக்வா டி ஜியோ, கூல் வாட்டர்

தம்பிக்குப் போன மாதம் வேலை நிரந்தரமானது. அந்த வாரமே போன் செய்தான். "அண்ணா, நல்ல சென்ட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஆபீஸ்ல எல்லாரும் சோவாஜ்தான்னு சொல்றாங்க. ஒண்ணுதான் வாங்குவேன், திரும்பத் திரும்பக் காசு போட முடியாது. எது வாங்கட்டும்?"

உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. சென்ட் விஷயத்தில் நான் செய்த தப்பான செலவெல்லாம் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. ஏசி போட்ட கடை, ஒரு துண்டு அட்டை, அதில் ஒரு அடி, மோந்து பார்த்தால் எலுமிச்சையும் மிளகுமாக ஆளைத் தூக்கும், அங்கேயே முடிவு. வீட்டுக்கு வந்து மறுநாள் போட்டுக்கொண்டு குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி நடந்து ஆபீஸ் போவதற்குள் அந்த எலுமிச்சை போய்விட்டிருக்கும், அதற்குக் கீழே இருந்த வேறு ஏதோ ஒன்றோடு மாலை வரைக்கும் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். அந்த "வேறு ஏதோ ஒன்று" என்ன என்பதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். கடையில் அது தெரியவே தெரியாது.

அதனால் தம்பியிடம் ஒரு மாதம் டைம் கேட்டேன். என்னிடம் இருந்த மூன்று பாட்டிலையும், கூல் வாட்டருக்கு ஒரு சின்ன பாட்டிலும் வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் என்று நான்கு வாரம், கத்திரி வெயிலில், போட்டுப் பார்த்தேன். குளித்து உடம்பு துவட்டியதும் கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நெஞ்சில் ஒன்று, அதற்கு மேல் பனியன், பருத்திச் சட்டை. ஒன்பது மணிக்கு, பதினொன்றுக்கு, மதியம் சாப்பாடு முடிந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எப்படி இருக்கிறது என்று குறித்து வைத்தேன். மறுநாள் காலையில் அழுக்குக் கூடையில் கிடக்கும் சட்டையின் காலரையும் மோந்து பார்த்தேன். சொல்லப்போனால் மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் காலர்தான் எனக்கு நிறையச் சொன்னது.

முதலில் சோவாஜ். கடைகளில் பாதிப்பேர் சாவேஜ் என்றுதான் சொல்கிறார்கள், எப்படிச் சொன்னாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சோவாஜைச் செய்கிற பிரெஞ்சுக் கம்பெனியான டியோரிலேயே ஓ சோவாஜ் என்று இன்னொன்று இருக்கிறது. அது 1966-ல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா செய்தது, எலுமிச்சை வாசனையோடு பழைய காலத்து முடிவெட்டும் கடையை நினைவூட்டும் அருமையான சரக்கு, ஆனால் ஆள் வேறு. இப்போது ஊரெல்லாம் பேசுகிற சோவாஜ் 2015-ல் பிரான்சுவா தெமாஷி செய்தது, ஜானி டெப் பாலைவனத்தில் கார் ஓட்டிப் போகும் விளம்பரத்தோடு வந்தது. அதற்கப்புறம் 2018-ல் இடிபி, 2019-ல் பர்ஃபம், 2021-ல் எலிக்சிர் என்று வரிசையாக வந்துவிட்டன. நான் பேசுவது முதலில் வந்த இடிடியைப் பற்றி. (இடிடி என்றால் வாசனை எண்ணெய் குறைவு, இடிபி என்றால் கொஞ்சம் கூட, பர்ஃபம் அதற்கும் மேலே, மீதி பெரும்பாலும் ஆல்கஹால். மோட்டாவாக இவ்வளவு தெரிந்தால் போதும்.) எலிக்சிரை நம் ஊர் மே மாதத்தில் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மசாலாவும் அதிமதுரமுமாக அது குளிர் நாட்டுக்காரன் கோட்டுக்குள் போட்டுக்கொள்கிற சமாச்சாரம்.

அடித்த உடனே வரும் அந்த பெர்கமாட் எலுமிச்சையும் மிளகும் இருக்கிறதே, அதை நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். காலையில் தூக்கக் கலக்கத்தில் கிடக்கிற ஆளை எழுப்பி உட்கார வைக்கும். இருபது நிமிஷத்தில் அது அடங்கி உள்ளே இருந்து வருவதுதான் சோவாஜின் அசல் முகம். அதற்குக் காரணம் அம்ப்ராக்ஸன் என்ற ஒரு பொருள். பழைய காலத்தில் வாசனைத் தொழிலில் அம்பரைப் பயன்படுத்தினார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் போலீஸ் பிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறதே, திமிங்கல உமிழ்நீர் என்று எழுதுவார்களே, அதே அம்பர்தான். விந்துத் திமிங்கலத்தின் குடலில் உருவாவது, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி இங்கே அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். அந்த அம்பரின் வாசனையைத் திமிங்கலம் இல்லாமலே கொண்டு வருவதுதான் அம்ப்ராக்ஸன். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டு செய்கிறார்கள். உலர்ந்த, கொஞ்சம் உப்புக் கரிக்கிற, வெயிலில் காய்ந்த கட்டை மாதிரியான வாசனை. லேசில் போகாது. துணியில் பட்டால் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

இதில் இருக்கும் ஒரு சிக்கலை யாருமே வாங்குவதற்கு முன்னால் சொல்வதில்லை. அம்ப்ராக்ஸன் மாதிரியான பொருள்களுக்கு மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். போட்டிருப்பவனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே தெரியாது. "என்ன இவ்வளவு விலை கொடுத்தும் நிக்கலையே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சோவாஜ் வாரத்தின் மூன்றாம் நாள், பதினொன்றரை மணிக்கு, பையில் வைத்திருந்த சின்ன ஸ்ப்ரேயை எடுத்துக் கழுத்தில் இன்னும் இரண்டு அடித்துக்கொண்டு சீட்டுக்கு வந்தேன். எங்கள் பிரிவில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது என்னிடம் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேர்ந்தே உங்க சென்ட்தான் மூக்குல நிக்குது, இப்ப இன்னும் தூக்கலா இருக்கு. நான் இன்னைக்கு அந்தப் பக்கம் சீட்ல உக்காந்துக்கறேன்" என்றார். அவர் தண்ணீர் பாட்டிலையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம், ஏசி காற்று படாத அந்த வெக்கையான இடத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை. எனக்குத் தெரியவே தெரியாத ஒரு வாசனையை அவர் காலை ஒன்பதரையிலிருந்து தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து ஒன்றே ஒன்று, நெஞ்சில் மட்டும். அப்படிப் போட்டால் சோவாஜ் வேறு மாதிரி இருக்கிறது. மிளகு அடங்கி, சுத்தமாக, கம்பீரமாக இருக்கிறது. பைக்கில் போகிறவர்களுக்கு, வெளியே அலைந்து திரியும் வேலைக்காரர்களுக்கு, மாலை நேரத்துக் கல்யாண ரிசப்ஷனுக்கு, மார்கழி தை மாதக் காற்றுக்கு இதைப் போல ஒன்று கிடையாது. திறந்த வெளியில் அது பரவுவதற்கு இடம் வேண்டும். மூடின அறையில், லிஃப்டில், ஜன்னல் ஏற்றிய காரில் அது மற்றவர்களுக்கு இடம் விடாது. அந்த வாரத்துச் சட்டைகளில் ஒன்றை இரண்டு தடவை துவைத்தும் காலரில் லேசாக இருந்தது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "துவைச்ச சட்டைன்னே தோணலை" என்றாள்.

அடுத்தது ப்ளூ டி ஷனெல், இடிபி. இதற்கும் பல வகை இருக்கிறது, முக்கியமானவை மூன்று. 2010-ல் இடிடி, 2014-ல் இடிபி, இரண்டும் ஜாக் போல்ஜ் செய்தது. 2018-ல் பர்ஃபம், அது அவருடைய மகன் ஒலிவியே போல்ஜ் செய்தது. அப்பா ஆரம்பித்த வீட்டுக்கு மகன் மாடி எடுத்த மாதிரி, சந்தனத்தைக் கூட்டி இன்னும் கனமாக்கினார். மூன்றில் நடுவில் இருக்கும் இடிபிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இடிடியில் கிரேப்ஃப்ரூட்டும் (பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழம்) எலுமிச்சையும் புதினாவும் இஞ்சியும் கொஞ்சம் துடுக்கு. பர்ஃபம் நம் ஊருக்குப் பகலில் கனம்.

ப்ளூவைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை, "இதுல என்ன இருக்கு, எல்லா சென்டும் இப்படித்தானே இருக்கு" என்பது. முதல் இரண்டு நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை. எலுமிச்சை இருக்கிறது, ஆனால் கத்தவில்லை. ஜாதிக்காய் இருக்கிறது, தேடினால்தான் தெரிகிறது. மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணி இருக்கும், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. சர்ச்சில் தூபம் போட்டு எல்லோரும் போன பிறகு, மர பெஞ்சுகளுக்கு நடுவில் நிற்குமே அந்தக் குந்துருக்க வாசனை, அதில் பழைய மர அலமாரியைத் திறந்தாற்போல ஒரு சிடார் வாசம். வியர்வை இருந்தது, அதோடு சண்டை போடாமல் அதன் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வியர்வையோடு சேரும்போது ஒரு சென்ட் என்ன ஆகிறது என்பதுதான் நம் ஊர்க்காரனுக்கு முக்கியம். பாரிஸில் உட்கார்ந்து கலக்குபவருக்கு குரோம்பேட்டை ரயில் தெரியாது. ஆனாலும் இது தாங்குகிறது. ஆறு ஏழு மணி நேரம், கை எட்டும் தூரத்துக்குள்ளேயே நிற்கிறது. அக்காவிடம் நானாகவே போய்க் கேட்டேன், "இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?" "போட்டிருக்கீங்களா?" என்றார். பக்கத்தில் வந்த பிறகு, "ம், நல்லா இருக்கு தம்பி" என்றார்.

காலர் மறுநாள் மரப்பெட்டியில் வைத்த துணி மாதிரி இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கூடையில் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

குறை விலைதான். இந்த நாலில் இதுதான் அதிகம். சோவாஜே 100 மி.லி. பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், இது அதற்கும் மேலே. ஒரு மாதச் சம்பளத்தில் இவ்வளவு பெரிய துண்டை ஒரு பாட்டிலுக்குக் கொடுக்கும் முன் யாராக இருந்தாலும் இரண்டு தடவை யோசிக்கத்தான் வேண்டும்.

இனி அக்வா டி ஜியோ. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பகல் வெயிலுக்கென்றே செய்த மாதிரி இருப்பது இதுதான். 1996-ல் ஆல்பெர்டோ மொரியாஸ் செய்தது. ஜியோ என்பது ஜியார்ஜியோ அர்மானியின் பெயரைச் சுருக்கியது. சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பான்டெலேரியா என்று ஒரு தீவு இருக்கிறது, அர்மானிக்கு அங்கே வீடு இருந்தது, அந்தத் தீவின் கடலை மனதில் வைத்து வந்தது இந்த வாசனை. வெயில், உப்பு, கடல், எலுமிச்சை மரம். ஊரும் வெயிலும் நமக்குத் தெரிந்ததுதானே. இதிலும் இப்போது இடிபி, பர்ஃபம் எல்லாம் வந்துவிட்டன. நான் போடுவது ஆவி படிந்த கண்ணாடி மாதிரி பாட்டிலில் வரும் அந்தப் பழைய இடிடி.

இந்தக் கடல் வாசனைக்குப் பின்னால் கலோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1966-ல் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியில் கிடைத்தது. கொஞ்சமாகப் போட்டால் கடற்காற்று, கூடினால் தர்பூசணி. அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்திருந்தார், நான் குனிந்து பையை வாங்கும்போது, "என்னடா, தர்பூசணி வெட்டினாப்ல ஒரு வாசனை வருது?" என்றார். எந்த விமர்சனமும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். தர்பூசணிதான், ஆனால் தித்திப்பு இல்லாத தர்பூசணி. தோலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே அந்த இடம்.

இன்னொன்றும் இருக்கிறது இதில், மல்லிகை. பூக்கடை மல்லி இல்லை, அந்தக் கனம் கிடையாது. ஹெடியோன் என்று ஒரு பொருள், மல்லிகை வாசனையை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது, நான் மேலே சொன்ன ஓ சோவாஜில்தான் அது முதன்முதலாகப் பேர் வாங்கியது. மல்லிகையைச் சுற்றி இருக்கும் காற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை மாம்பலம் ஸ்டேஷன் படியில் பூ கட்டுகிற அம்மா ஈரத்துணியை விலக்கும்போது முதலில் ஒரு குளிர்ச்சி வரும், பூ வாசனை அதற்கப்புறம்தான் வரும். அந்தக் குளிர்ச்சிதான் இது. ரயிலில் கூட்டத்தில் ஒருவன் முகம் இன்னொருவன் தோளில் இருக்கும் அந்த நேரத்தில், பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு இல்லாமல், முடிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கக்கூடிய வாசனை என்று இதைத்தான் சொல்வேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துப்போகிறது. சோவாஜின் மிளகும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் எனக்குக் குமட்டுகிறது, இதில் அப்படி இல்லை.

நிற்காது. அதுதான் எல்லோரும் சொல்லும் குறை, உண்மையும் கூட. எட்டு மணிக்குப் போட்டால் பன்னிரண்டுக்கெல்லாம் தோலோடு தோலாகிவிடும். ஆனால் நான்கு வாரத்துக்குப் பிறகு நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் முகம் கழுவி, கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சின்ன ஸ்ப்ரேயில் இரண்டு அடித்தால் திரும்பவும் காலை எட்டு மணி ஆகிவிடுகிறது. பழைய வாசனையின் மிச்சத்தின் மேல் புதுசு அடித்து அது கூட்டிக் குழப்பமாகும் பிரச்சினை இதில் இல்லை. போக வேண்டிய நேரத்தில் போய்விடுகிறது. ராத்திரி காலரில் சோப்பும் கொஞ்சம் உப்பும்தான் இருந்தது. அவ்வளவுதான்.

கூல் வாட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ல் பியேர் பூர்தோன் செய்தது, டேவிடாஃப் பெயரில் வருகிறது. மேலே சொன்னவை எல்லாவற்றுக்கும் ஒரு வகையில் மூத்த அண்ணன். நீலக் கலர் பாட்டில், கடல், சுத்தம் என்று இன்றைக்கு ஆண்கள் சென்ட் எல்லாம் போகும் பாதையை அகலமாக வெட்டிக் கொடுத்தது இதுதான். இதில் டைஹைட்ரோமிர்செனால் என்று ஒரு பொருள் தாராளமாக இருக்கிறது. அதே பொருள்தான் துணி துவைக்கும் பவுடரிலும், சோப்பிலும், ஷேவிங் ஃபோமிலும் இருக்கிறது. அதனால் இன்று இதைப் போட்டால் நல்ல சென்ட் போட்ட ஆள் என்று தோன்றுவதைவிட, நல்ல சோப்பில் குளித்து வெளுத்த சட்டை போட்ட ஆள் என்றுதான் பக்கத்தில் இருப்பவருக்குத் தோன்றும். அது ஒன்றும் குறைச்சல் இல்லை. காலேஜில் படிக்கும் பையனுக்கு, இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு, சோவாஜ் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோ கொடுத்து வாங்க இதைவிட நேர்மையான பாட்டில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் நிற்கவில்லை, அந்த இரண்டு மணி நேரமும் நன்றாக இருந்தது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். தம்பியே கேட்டான், "எதுக்குண்ணா இவ்ளோ காசு? திருவல்லிக்கேணில அத்தர் வாங்கினா போதாதா?" என்று. போதும், பலருக்கு. அத்தரில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெய், அதனால் வீசாது, உடம்போடு ஒட்டி நிற்கும். நல்ல வெட்டிவேர் அத்தரை ஒரு சொட்டு கையில் தடவிக்கொண்டால் வெயிலில் தண்ணீர் தெளித்த தட்டி மாதிரி இருக்கும். அப்பா இன்றைக்கும் ஜவ்வாதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார், வெள்ளிக்கிழமை அவர் சட்டையில் இருக்கும் அந்த வாசனைக்கு முன்னால் எனக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்தான். ஆனால் ஆபீஸில், தெரியாத பத்துப் பேருக்கு நடுவில், எதைப் போட்டாலும் கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற இருபத்து நாலு வயசுப் பையனுக்கு அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

வாங்கும் இடம் பற்றி. பாதி விலை என்று யாராவது சொன்னால் வேண்டாம். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது, ஆன்லைனில் ஒரு விற்பனையாளர், பெட்டி, சீல், எல்லாம் கச்சிதம். திறந்து அடித்தால் முதல் அரை மணி நேரம் அசல் மாதிரியே இருந்தது, அப்புறம் நெயில் பாலிஷ் நெடி. பெட்டி அடியில் இருக்கும் பேட்ச் நம்பரும் பாட்டில் அடியில் இருப்பதும் வேறு வேறு. அதை அன்றைக்குத்தான் திருப்பிப் பார்த்தேன். இப்போது எந்தப் பாட்டில் வாங்கினாலும் கடையிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு பீரோவுக்குள், வெளிச்சம் படாமல். பாத்ரூம் அலமாரியும் ஜன்னல் திட்டும் வேண்டவே வேண்டாம், சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் எலுமிச்சை வாசனைதான் முதலில் கெடும்.

சரி, தம்பிக்கு எது என்ற கேள்விக்கு வருகிறேன். என்னைப் போல ரயிலில் போய் வெயிலில் நடந்து வேலை பார்ப்பவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அக்வா டி ஜியோ என்று சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான், அடுத்து வாங்கப்போகும் பாட்டிலும் அதுதான். ஆனால் அவன் வேலை வேறு. ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் கேப் வந்து பெருங்களத்தூரில் அவனை ஏற்றிக்கொள்ளும். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர், ஜன்னல் ஏற்றி, ஏசி போட்டு, ஓஎம்ஆர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் காலை மூன்று வரை ஏசி ஹால். வியர்வையே கிடையாது, வெயில் கண்ணிலேயே படாது, காற்று வெளியே போக வழியும் இல்லை. அந்த வண்டிக்குள் சோவாஜ் போட்டு நாலு பேர் ஏறினால் டிரைவர் அண்ணனின் நிலைமையை யோசித்துப் பார்த்தேன். அவர் அடுத்த ட்ரிப்பும் அதே வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். அக்வா டி ஜியோ அந்தக் குளிரில் ஏழு மணிக்கே ஒன்றும் இல்லாமல் போய்விடும், அதன் அழகு வெயிலில்தான்.

ஆகவே ப்ளூ டி ஷனெல் இடிபி, 100 வேண்டாம், 50 மி.லி. போதும் என்றேன். விலையைக் கேட்டுத் தயங்கினான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு அழுத்தலுக்கு ஏறக்குறைய 0.1 மி.லி. வரும், அப்படிப் பார்த்தால் 50 மி.லி.யில் ஐந்நூறு அழுத்தல். மூடின வண்டிக்கும் ஏசி ஹாலுக்கும் நாளைக்கு இரண்டுக்கு மேல் தேவையே இல்லை, சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் ஒன்று. இருநூற்றைம்பது வேலை நாள். லீவெல்லாம் கழித்தால் ஒரு வருஷம் ஓடிவிடும். வாரம் ஒரு பாடி ஸ்ப்ரேயாக வாங்கித் தீர்ப்பவன் அவன், அந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்ததும் ஒப்புக்கொண்டான்.

உடனே வாங்கவிடவில்லை. என் பாட்டிலிலிருந்து 5 மி.லி. ஒரு சின்ன ஸ்ப்ரேயில் ஊற்றிக் கொடுத்து, இரண்டு வாரம் போட்டுப் பார், கேப்பில் கூட வரும் அந்தப் பெண்ணிடமும் டிரைவர் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேள், அப்புறம் கடைக்குப் போ என்றேன். போன சனிக்கிழமை போய் வாங்கிவிட்டான், பேட்ச் நம்பர் இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, நல்லாத்தான் இருக்கு. ஆனா சோவாஜ் ஆசை போகலண்ணா."

"என்கிட்ட பாதி பாட்டில் இருக்குடா. மார்கழில பைக் எடுத்துட்டு ஊருக்குப் போவல்ல, அப்ப வந்து வாங்கிக்கோ. ஒண்ணே ஒண்ணு அடி, போதும்."